கப்ளரில் கட்டிய மஞ்சள் கயிறு

மேலே போன பிறகும் என் தலைமேல் ஏறி உட்கார்ந்திருக்கிற ஆறுமுகத்துக்கு,

உன் மச்சான் ரங்கசாமி எழுதுவது. என் தங்கை தங்கமணியை உனக்குக் கட்டிக்கொடுத்த பிறகு, நாலு பேர் இருக்கிற இடத்தில் 'வாங்க மாப்பிள்ளை' என்பேன். பட்டறைக்குள் வந்துவிட்டால் 'வாடா'தான். இந்தக் கடிதமும் பட்டறைப் பேச்சாகவே இருக்கட்டும். உன்மேல் எனக்கு நிறையக் கோபம் இருக்கிறது. மரியாதை கொடுத்துக்கொண்டே கோபப்பட எனக்கு வராது.

நீ போனது சிவராத்திரி கழிந்து. இப்போது தீபாவளியும் கழிந்துவிட்டது. ஊர்ச் செய்தி சொல்கிறேன், கேள். இந்த வருஷம் மைசூரில் மழை நேரங்கெட்ட நேரத்தில் பெய்து தீர்த்தது. டி. நரசிபுரா ரோட்டில் நம் பட்டறைக்கு எதிரே இருந்த டீக்கடை பேக்கரியாகிவிட்டது. கண்ணாடிப் பெட்டி புதுசு, டீ அதே வெந்நீர்தான். உன் ஸ்டூலில் இப்போது நான் உட்காருகிறேன். பாசம் என்று நினைத்துவிடாதே, என் ஸ்டூலுக்குக் கால் உடைந்துவிட்டது.

நமக்குள் வேலை பிரித்திருந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? கைக்கு அகப்படுவதெல்லாம் எனக்கு, கண்ணுக்கு அகப்படாததெல்லாம் உனக்கு. கிளட்ச், கியர்பாக்ஸ், பிஸ்டன் என் பக்கம். ஒயர், ரிலே, சென்சார், வண்டியின் கோளாறைப் படித்துச் சொல்கிற அந்த ஸ்கேனர் எல்லாம் உன் பக்கம். இப்போது இரண்டு பக்கமும் நானே. ஸ்கேனரை நான் பிடித்திருக்கிற அழகைப் பார்த்தால் வயிறு வலிக்கச் சிரிப்பாய். பச்சைக்குழந்தையை முதன்முதலாகத் தூக்குகிற ஆம்பளை மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நிற்கிறேன். எங்கே கீழே போட்டுவிடுவேனோ என்று அதற்கே பயம்.

நான் சொல்ல வந்தது உன் வேனைப் பற்றி.

தங்கமணி அதை விற்கவில்லை. உன் பங்காளிகள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து, பொம்பளைக்கு வேன் எதற்கு, விற்றுவிட்டு நிம்மதியாக இரு என்றார்கள். அவள் தலை நிமிரவில்லை. "அவரு போட்ட ரூட்டு. அது பாட்டுக்கு ஓடட்டுங்" என்றாள். அத்தோடு பேச்சு முடிந்தது. ஓட்டுவதற்கு மாதேஷை வைத்தோம். நம் பட்டறைக்கு லாரி கொண்டுவருவானே, வாய் ஓயாத கன்னடப் பையன், அவனேதான். முன்னே நீ போன மாதிரியே மைசூரில் ஆள் ஏற்றிக்கொண்டு, கொள்ளேகால், அனூர் வழியாக மாதேஸ்வரன் மலைக்குப் போய்வருகிறான். அமாவாசை என்றால் வேன் நிறைந்துவிடும். வீட்டில் அடுப்பு எரிவது அதில்தான்.

சாவு விழுந்த வீட்டார் வருஷம் திரும்புகிறவரை மலை ஏறக்கூடாது என்பது நம் வழக்கம். ஆகவே தங்கமணி போகவில்லை. வேன் மட்டும் போகிறது. மாதேஷ் ஒவ்வொரு தடவையும் ஒரு பாட்டிலில் தீர்த்தமும், காகிதத்தில் மடித்த விபூதியும் கொண்டுவந்து கொடுக்கிறான். அவளுக்கும் அந்தச் சாமிக்கும் நடுவே இப்போது இருக்கிற ஒரே வழி உன் வேன்தான்.

அந்த வேன் ஆடி அமாவாசை அன்று முதல்முறையாக மலையில் நின்றது.

தாளபெட்டா தாண்டி ஏற்றத்தில் வளைவு வருமே, அங்கே. மீட்டரில் செக் லைட் எரிந்ததாம், எஞ்சின் சோர்ந்துவிட்டதாம். மாதேஷ் திரும்பி வந்து கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். "அண்ணா, காடி ஏறவே இல்ல அண்ணா. மிதிச்சா சும்னே கத்துது, பவரே இல்ல. நான் பாட்டரி ஒயர கழட்டி மாட்டினேன். லைட்டு ஹோய்த்து, அணைஞ்சிடுச்சு. ஏறிட்டோம்!" பரிசு வாங்கியவன் மாதிரி நின்றான்.

நீ இருந்திருந்தால் அவன் காதைத் திருகியிருப்பாய். சென்சார் சொல்கிற கணக்கு நம்பும்படி இல்லை என்றால், எஞ்சின் தனக்குக் கெடுதல் வராமல் ஓட்டத்தைக் குறைத்துக்கொள்ளும், எந்த இடத்தில் சந்தேகம் என்பதைக் கோடு நம்பராகப் பதிந்துவைக்கும் என்று எனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பாய்! பேட்டரியைக் கழற்றினால் அந்தப் பதிவு போய்விடும். "வலிக்குதுன்னு சொல்றவன் வாயப் பொத்தற மாதிரிடா அது" என்று கஸ்டமர்களிடம்கூடக் கத்துவாய். மாதேஷ் வாயைப் பொத்திக் கொண்டுவந்துவிட்டான். நான் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தபோது அதில் ஒன்றுமே இல்லை.

அடுத்த தடவை நின்றபோது, ஒயரில் கை வைத்தால் கையை உடைப்பேன் என்று சொல்லி வைத்திருந்தேன். தவழ்ந்து தவழ்ந்து மேலே போய்த் திரும்பிவந்தான். ஸ்கேனர் வாய் திறந்தது. டீசல் அழுத்தம் பார்க்கிற சென்சார் என்றது. அப்பாடா என்று புது சென்சார் வாங்கி மாட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு, இதற்குத்தானா இந்த ஆறுமுகம் இவ்வளவு பீற்றிக்கொண்டான் என்றுகூட நினைத்தேன். அடுத்த அமாவாசைக்குக் காற்றழுத்தம் பார்க்கிற சென்சார் என்றது. அதையும் மாற்றினேன். டீசல் ஃபில்டரை மாற்றினேன், டேங்கைக் கழுவினேன். திரும்ப முதல் சென்சாரையே சொன்னது. புது சென்சார், மாப்பிள்ளை! அட்டைப்பெட்டி இன்னும் குப்பைக்குப் போகவில்லை.

ஒரு வண்டி கெட்டால் காது கொடுத்துக் கேட்பேன், மோந்து பார்ப்பேன், தொட்டுப் பார்ப்பேன். இது பட்டறைக்குள் நிற்கும்போது நல்லபிள்ளையாக இருக்கிறது. தாளபெட்டாவுக்குப் போனால்தான் அதற்குப் பேய் பிடிக்கிறது. சமதரையில் நின்றால் தொல்லை என்று விடலாம். ஏற்றத்தில், ஆள் நிறைந்த வண்டி நின்றால் என்ன செய்வது?

தசரா வந்தது. ஆயுத பூஜைக்கு முன்னால் மாதேஷ் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வேனை வாட்டர் சர்வீஸுக்குக் கொண்டுபோய், போனட்டைத் திறந்துவைத்து, பிரஷர் தண்ணீரில் எஞ்சினைப் பளபளவென்று கழுவிக்கொண்டு வந்துவிட்டான். நீ கழுவுவதற்கு முன்னால் பால் பாக்கெட் கவரை எடுத்து, ஒயரோடு ஒயர் சேருகிற கப்ளருக்கெல்லாம் மாட்டி, ரப்பர் பேண்டு போடுவாய். குல்லா போட்ட குழந்தைகள் மாதிரி இருக்கும். கேலி செய்வேன். கழுவியபின் ஒவ்வொன்றாகக் கழற்றி, காற்றடித்து, ஈரம் போகக் காயவைத்துத்தான் திரும்ப மாட்டுவாய். இந்தத் தடவை குல்லா போடுவதற்கு ஆள் இல்லை. வாழைக்கன்றும் சாமந்தி மாலையுமாக வேன் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது. அதற்கடுத்த பயணத்தில் வளைவில் நின்றதோடு, பின்னாலேயும் உருண்டது.

மாதேஷ் பிரேக்கைப் பிடித்துவிட்டான். யாரோ இறங்கி ஓடிச் சக்கரத்துக்குக் கல் வைத்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வேனில் இருந்தவர்கள் மார்க்கெட் பூக்காரர்கள். வருஷா வருஷம் தீபாவளி அமாவாசைக்கு உன்னோடுதான் போவார்களே, அவர்கள். அந்தக் கூட்டத்துக்குப் பெரியவர் வீட்டுக்கே வந்துவிட்டார். "தங்கமணி, நம்ம ஆறுமுகம் காடி அந்த ஒரே காரணத்துக்கு இன்னொரு வாட்டி வர்றோம். அதுக்கப்புறம் பேடாம்மா, வேணாம். குழந்தைகுட்டி இருக்குது" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அவர் போனபிறகு தங்கமணி என்னிடம் சொன்னாள்: "தீபாவளிக்கு நின்னா வித்துப்போடலாம்ண்ணா. அவரு பேர அந்த ரோட்டுல வச்சு நாற அடிக்க நானு உடமாட்டேன்." சொல்லிவிட்டு அழுதிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை. அரிசி களைய உட்கார்ந்துவிட்டாள்.

பெரிய ஒர்க்ஷாப் ஒன்றுக்கும் கொண்டுபோனோம். இன்ஜினியர் தம்பி லேப்டாப்பை மாட்டிப் பொறுமையாகப் பார்த்தான். ஒயரிங் முழுவதையும் சோதிக்கவேண்டும், தீபாவளிக்குப் பிறகுதான் வண்டி கிடைக்கும் என்றான். போனட்டுக்குள் கைவிட்டு ஒவ்வொரு கப்ளராகத் தொட்டுக்கொண்டே வந்தவன், எஞ்சினுக்குப் பின்னால் இருக்கிற அந்தப் பெரிய கப்ளருக்கு வந்தான். "சார், அத மட்டும் தொடாதீங்க" என்றாள் தங்கமணி. அவனும் பார்த்தான். மஞ்சள் கயிறு, குங்குமம், சந்தனம். கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு விலகிவிட்டான். பக்கத்தில் நின்ற நானும், அதுதானே முறை என்று தலையாட்டினேன்.

நீ கட்டிய கயிறு. மலையில் விற்பார்களே, அந்தக் கயிறு. ஒவ்வொரு நாளும் காலையில் வண்டி எடுக்கும் முன்னால் போனட்டைத் திறந்து, அந்த இடத்தில் கை வைத்து ஒரு அழுத்து அழுத்தி, கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வாய். சமையலறை ஜன்னலிலிருந்து தங்கமணி தினமும் இதைப் பார்த்திருக்கிறாள். நீ போன பிறகு அதை அவள் செய்கிறாள். உன்னை எடுத்த அன்று அவள் நெற்றியிலிருந்து போன குங்குமம் அந்தக் கப்ளருக்கு வந்தது. மஞ்சள் தண்ணீர் தெளிப்பாள், சந்தனம் வைப்பாள். மலையிலிருந்து தீர்த்தம் வந்தால் வீட்டில் யாருக்கும் கொடுக்கமாட்டாள். முதலில் அந்தக் கயிற்றின்மேல்தான் ஊற்றுவாள்.

தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது, அதுவரை அங்கே விடாமல் வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்திருந்தோம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வேனை வீட்டு வாசலிலேயே நிறுத்தி, உன் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, உன்னைப் போல யோசித்துப் பார்த்தேன். எனக்கு அது சுலபமில்லை. நீ ஒருமுறை ஒரு லாரிக்காரனிடம் சொன்னது ஞாபகம் வந்தது. "கோடுங்கறது புகார் குடுத்தவன் பேருங்க. திருடன் பேரு இல்லீங்க." நான் இவ்வளவு நாளும் புகார் கொடுத்தவனையே பிடித்துப் பிடித்து உள்ளே போட்டிருக்கிறேன்! சரி, இரண்டு சென்சாரும் மாறி மாறிப் புகார் கொடுக்கிறது என்றால், இரண்டும் பழகுகிற இடம் எது? ஒயரைக் கையால் பிடித்துக்கொண்டே போனேன். இரண்டுக்கும் கரண்ட் ஒரே ஒயரில் வருகிறது. அந்த ஒயர் ஒரு கப்ளர் வழியாகப் போகிறது.

அந்தக் கப்ளர்தான்.

எஞ்சினை ஓடவிட்டு, ஸ்கேனரில் டீசல் அழுத்தத்தின் எண் ஓடும்படி வைத்துக்கொண்டேன். ஒயர்களை முன்னாலிருந்து ஆட்டிக்கொண்டே வந்தேன். எண் அசையவில்லை. கயிற்றுக்குப் பக்கத்தில் வந்ததும் கை தானாக நின்றது. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டேன். மெல்லத் தொட்டேன். எண் எங்கேயோ எகிறியது, எஞ்சின் இருமியது. கையை எடுத்தேன், அடங்கியது. திரும்பத் தொட்டேன், திரும்ப இருமியது. கயிறு சொதசொதவென்று ஈரமாக இருந்தது. ஊற்றுகிற தண்ணீரையெல்லாம் குடித்து வீங்கி, குடித்ததை மெல்ல மெல்லக் கப்ளருக்கு உள்ளே இறக்கிக்கொண்டிருந்தது. மேட்டில் ஏறும்போது வண்டி ஆடுகிற ஆட்டத்தில் உள்ளே பிடிப்பு விட்டுப்போகிறது.

கண்டுபிடித்துவிட்டேன், மாப்பிள்ளை. சந்தோஷப்பட்டிருக்கவேண்டும். எனக்கு என்னவோ யாரோ என் காலைப் பிடித்து இழுத்தது மாதிரி இருந்தது. நிமிர்ந்து பார்த்தால், தட்டில் மஞ்சளும் தீர்த்தப் பாட்டிலும் வைத்துக்கொண்டு தங்கமணி நிற்கிறாள்.

சொன்னேன். சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது. இந்தக் கயிற்றை எடுக்கவேண்டும், கப்ளரை மாற்றவேண்டும், இனி இங்கே தண்ணீர் ஊற்றக்கூடாது என்றேன்.

அவள் தட்டைக் கீழே வைக்கவில்லை. "என்ற கழுத்துல இருந்தத எல்லாருஞ் சேந்து எடுத்தீங்க. இதயும் எடுக்கோணுமாண்ணா?" என்றாள்.

இதற்கு நான் என்ன பதில் சொல்லியிருக்கவேண்டும்? நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? அன்றைக்கு அவள் கழுத்திலிருந்து எடுத்தபோது அண்ணன் என்று பக்கத்தில் நின்றவன் நான். இப்போதும் ஸ்பானரோடு நிற்கிறேன். ஸ்கேனரைக் கழற்றி எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்துவிட்டேன்.

வந்து உட்கார்ந்து உன்னைத் திட்டினேன். நன்றாகத் திட்டினேன். தோள்பட்டை வலிக்கிறது என்றாய். கேட்டால் கேஸ் என்றாய். ஓமத்தண்ணீர் குடித்தாய், சோடா குடித்தாய், வலி போய்விட்டது என்று வண்டியை எடுத்தாய். மாதேஷ் பேட்டரி ஒயரைக் கழற்றினதற்கும் இதற்கும் என்னடா வித்தியாசம்? ஊர் வண்டிக்கெல்லாம், லைட்டை அணைக்காதே, எதற்கு எரிகிறது என்று பார் என்று பாடம் எடுத்தவன், உன் லைட்டை நீயே அணைத்து அணைத்து ஓட்டியிருக்கிறாய். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது பார்ப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. யாரிடம் போய் நான் சண்டை போடுவது?

பயணத்துக்கு முதல் நாள் காலை தங்கமணியே பட்டறைக்கு வந்தாள். மாதேஷ் வேனை உள்ளே விட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்த்ததும் சத்தமில்லாமல் எதிர்க்கடைக்குப் போய்விட்டான். அவனுக்கும் சில நேரம் புத்தி வேலை செய்கிறது.

"ஏத்தத்துல திருப்பி உருண்டா என்னாகும்ண்ணா?" என்றாள்.

"எப்பவும் கல்லு வைக்க ஆளு எறங்க முடியாது தங்கம்" என்றேன்.

வேனுக்கு முன்னால் போய் நின்றாள். பிறகு போனட்டைத் திறக்கச் சொன்னாள். பிளேடை எடுத்தேன், வேண்டாம் என்றாள். தானே குனிந்து முடிச்சில் நகத்தை வைத்தாள். மஞ்சளும் டீசலும் எண்ணெயும் ஊறி, முடிச்சு கொட்டைப்பாக்கு மாதிரி இறுகியிருந்தது. நகம் வழுக்கியது. விடவில்லை. நான் பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தேன். அது ஒன்றுதான் என்னால் முடிந்தது. நீ போடுகிற முடிச்சு எப்போதுமே முரட்டு முடிச்சுடா. கடைசியில் ஒரு பிரி நெகிழ்ந்தது. அதற்குப் பிறகு சுலபமாக வந்துவிட்டது. அவ்வளவு சுலபமாக வந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை என்று தோன்றியது.

கயிறு போனதும் கப்ளர் இரண்டாகப் பிரிந்து தொங்கியது. உள்ளே ஊசியெல்லாம் பச்சைப் பாசி மாதிரிக் களிம்பு. பக்கத்தில் லாக் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. பிளாஸ்டிக் நாக்கு உடைந்துபோயிருந்தது. உடைந்த இடம் அழுக்கேறிப் பழசாகிக் கிடந்தது.

நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். பட்டறைக்காரன் பெண்டாட்டி, அவளுக்கா புரியாது? லாக் உடைந்த கப்ளர் கழன்று விழாமல் இருக்கக் கைக்கு அகப்பட்ட கயிற்றால் கட்டியிருக்கிறாய். தினமும் காலையில் அழுத்தியது, பிடிப்பாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு.

"இதுக்குத்தான் கட்டுனாரா?" என்றாள். "சாமிக்கு இல்லியாண்ணா?"

ஆறுமுகம், நீயே சொல். எதற்குக் கட்டினாய்? மலைக்குப் போனால் கயிறு கட்டுக்கட்டாக வாங்கிவந்து பட்டறை ஆணியில் மாட்டிவைப்பாய், ஒயர் கட்ட இதைவிட நல்ல சாமான் கிடையாது என்பாய். அது உண்மை. நனைந்தால் அவிழ்த்துப் போட்டுவிட்டுக் காய்ந்த கயிறாகக் கட்டுவாய். அதுவும் உண்மை. ஆனால் அழுத்திப் பார்த்த கையை எதற்காகக் கண்ணில் ஒற்றிக்கொண்டாய்? லாக் உடைந்ததற்குக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவன் உலகத்தில் உண்டா? உன்னிடம் கேட்டிருந்தால் ஒரு கிண்டலில் முடித்திருப்பாய். அந்தக் கிண்டல் கிடைத்தால்கூட நான் அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன்.

நான் டார்ச்சை அணைத்தேன். அவள் கயிற்றைச் சுருட்டி முந்தானையில் முடிந்துகொண்டு, வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்குப் போய்விட்டாள். அதை எங்கே வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. கேட்கப்போவதும் இல்லை.

லாக் உள்ள புதுக் கப்ளர் போட்டேன். பாசி பிடித்த ஒயர் நுனியெல்லாம் வெட்டி, புது ஊசி வைத்து, தண்ணீர் புகாத கிரீஸ் தடவி, கொஞ்சம் தூக்கிக் கட்டினேன். இனிமேல் வாட்டர் சர்வீஸ் என்றால் என்னைக் கேட்டுவிட்டுத்தான் என்று மாதேஷிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். பால் பாக்கெட் கவர்களைக் கழுவி ஒரு டப்பாவில் சேர்த்துவைக்கிறேன். சிரிக்காதே.

தீபாவளி அமாவாசை அன்று விடியும் முன்னே பட்டறையிலிருந்தே வேன் கிளம்பியது. துக்க வருஷம் என்பதால் வீட்டில் எண்ணெய்க் குளியல் இல்லை, பலகாரம் இல்லை. தெருவெல்லாம் பட்டாசு. தங்கமணி போனை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தேன். தாளபெட்டாவில் சிக்னல் கிடைக்காது என்று தெரியும். தெரிந்தும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். மதியத்துக்கு மேல் மணி அடித்தது. "அண்ணா, மேல வந்தாய்த்து! லைட்டே இல்ல அண்ணா, குதுரே மாதிரி ஏறிச்சு!" என்று மாதேஷ் கத்தியது கூடம் முழுக்கக் கேட்டது. பின்னால் பூக்காரர்கள் "உகே மாதப்பா" என்று கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

தங்கமணி போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நல்லதாப்போச்சுண்ணா" என்றாள். வேன் விற்பனைப் பேச்சு அன்றோடு போய்விட்டது.

இங்கே கடிதத்தை முடித்திருப்பேன். ஆனால் ராத்திரி திரும்பிவந்த வேனைப் பார்க்க அடுத்த நாள் காலை வீட்டுக்குப் போனபோது ஒன்று நடந்தது. அவள் வழக்கம்போலத் தட்டோடு வந்து போனட்டைத் திறக்கச் சொன்னாள். கை பழக்கத்தில் அந்த இடத்துக்குப் போனது. புதுக் கறுப்புக் கப்ளர். கயிறு இல்லை, குங்குமம் இல்லை, ஈரம் இல்லை. கை அப்படியே நின்றது. தொடவும் இல்லை, எடுக்கவும் இல்லை.

"இனி நானு எதத் தொட்டுக் கும்புடறதுண்ணா?"

நான் சரி பண்ணிய வண்டி. நன்றாகச் சரி பண்ணியிருந்தேன். அந்தக் கப்ளருக்கு இனி யாருடைய கையும் வேண்டாம். அதற்குத்தான் லாக் வைத்து வருகிறது. ஆனால் அவள் அங்கே கையை நீட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்க என்னால் முடியவில்லை. வேறு வழி தெரியாமல் ஒரு பொய் சொன்னேன்.

"தங்கம், தண்ணி மட்டும் ஊத்தாத. ஆனா தெனமும் காலைல இந்த எடத்துல ஒரு அழுத்து அழுத்திப் பாக்கோணும். அழுத்தாம உட்டா திருப்பியும் லைட்டு வரும். ஆறுமுகம் அதுக்குத்தான் தெனமும் பண்ணுனான்" என்றேன்.

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நம்பினாளா என்று எனக்குத் தெரியவில்லை. கையை உள்ளே விட்டு அழுத்தினாள். எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அன்றிலிருந்து தினமும் அழுத்துகிறாள். நான் அந்த நேரத்துக்கு வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறேன்.

அவள் படித்தது அனூரில் கன்னடப் பள்ளிக்கூடம். தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. நாம் இரண்டு பேரும் பாலாறு தாண்டிப் போய் மேட்டூர் லாரிப் பட்டறையில் கிடந்த காலத்தில் சுவர் போஸ்டரைப் பார்த்துக் கற்றுக்கொண்ட எழுத்து இது. அந்தத் தைரியத்தில்தான் இவ்வளவையும் தமிழில் எழுதிவிட்டேன். இதை வாசிக்கிறவர்கள் யாராவது மைசூர்ப் பக்கம் வந்து என் தங்கையைப் பார்க்க நேர்ந்தால், தயவுசெய்து அந்தக் கப்ளரைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உனக்கு நான் கொடுக்கிற வாக்கு இவ்வளவுதான், மாப்பிள்ளை. அந்த வேனில் லைட் எரிந்தால் அணைக்கமாட்டேன், எதற்கு எரிகிறது என்று பார்ப்பேன். அந்தக் கப்ளருக்குள் சொட்டுத் தண்ணீர் போகவிடமாட்டேன். அதை அழுத்தவேண்டியதே இல்லை என்று அவளிடம் ஒருநாளும் சொல்லமாட்டேன்.

உன் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிற,
உன் தங்கமணிக்கு அண்ணனும் உனக்கு மச்சானுமான
ரங்கசாமி